ஆறு பத்துக்குத் தேத்தண்ணி

ஒரு நாள் நடைக்கு மூன்று மாதம் திட்டம் போட்ட மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் என்ன, பெரிய மலையேற்றமா? ஹோட்டன் சமவெளி. காலையில் வான் வண்டியில் ஏறிப் போய், குளிர்ந்த புல்வெளியில் ஒன்பது பத்துக் கிலோமீற்றர் வட்டமாக நடந்து, உலகமுடிவு என்ற பாறை விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வானடிக்குத் திரும்பிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போய் வருகிற நடை அது. அதற்கு அப்பா மே மாதமே ஃபுல்ஸ்காப் தாளில் கோடு கீறத் தொடங்கிவிட்டார். நடை ஓகஸ்டில்.

எனக்கு அப்போது பத்து வயது. கனடாவில் இருந்து பெரியமாமா, அதாவது அம்மாவின் மூத்த அண்ணன், குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம்தான். வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாடு பார்க்க வந்த வருடங்கள் அவை. தன் இரண்டு பொடியன்களுக்கும் கடலும் கோயிலும் அலுத்துவிடும், மலையில் நடக்கத்தான் விருப்பம் என்று மாமா தொலைபேசியில் சொன்னார். "அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று அப்பா முந்திக்கொண்டார். எதிலும் முந்திக்கொள்ளாத மனிதர். அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஏன் அப்படிப் பார்த்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வித்தை எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் ஒளித்தது போதும்.

அப்பா பிறந்தது அந்தச் சமவெளிக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தவர் அவருடைய அக்கா. எனக்கு அத்தை. அப்பா படித்து, கொழும்புக்கு வந்து, வேலை செய்த இடத்தில் அம்மாவைக் கண்டு, இருவரும் விரும்பிக் கலியாணம் செய்தார்கள். அம்மாவின் ஆட்கள் யாழ்ப்பாணம். தோட்டத்து ஆட்களை அவர்கள் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பது எங்கள் நாட்டுத் தமிழருக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கவும் தெரியும். அம்மா கனடாவுக்குப் பேசியபோது ஒரு கதை சொன்னார். மாப்பிள்ளையின் பூர்வீகம் யாழ்ப்பாணம், தகப்பன் பண்டாரவளையில் கடை வைத்திருந்தவர், தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள், கூடப்பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை. அதில் காலமானது மட்டும்தான் உண்மை. ஒரு தொலைபேசிப் பேச்சில் என் அத்தை இல்லாமல் போனார். நாங்கள் இருந்த தொடர்மாடி வீடு மாமாவுடையது. தங்கச்சி இருக்கட்டும் என்று விட்டிருந்தார். ஆகவே அந்தக் கதையும் பன்னிரண்டு வருடம் அசையாமல் இருந்தது.

அப்பா வருடத்துக்கு ஒரு தடவை "ஒபிஸ் அலுவல்" என்று சொல்லிப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவாராம். என்னைக் கூட்டிப்போகக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். நான் வாயாடி, மாமாவிடம் உளறிக் கொட்டிவிடுவேன். அத்தைக்கோ ஒரே ஓர் ஆசைதான்: தம்பியின் பிள்ளையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்த ஓகஸ்டில் அப்பா போட்ட திட்டம், தொப்பியில் இருந்து சப்பாத்து வரை, அந்த ஒன்றுக்குத்தான். தோட்டத்தை விட்டு விலகிய பிறகு அத்தை மலைப்பாதையில் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். எங்கள் வான் அங்கே நிற்க வேண்டும், எல்லாரும் இறங்கித் தேத்தண்ணி குடிக்க வேண்டும், அந்த இருபது நிமிடத்தில் அவர் என்னைப் பார்க்க வேண்டும். மாமா வீட்டார் ஒருவருக்கும் தெரியாமல். எனக்கும் தெரியாமல்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஃபுல்ஸ்காப் தாள்தான். அப்பா வார்ஃப் கிளார்க், அதாவது துறைமுகத்தில் இறங்குகிற சரக்கைக் கம்பனிகளுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. கொட்டாஞ்சேனையில் ஒபிஸ். கப்பல் வரும் என்று சொன்ன நேரம் ஒரு நிரல், வந்து சேர்ந்த நேரம் அடுத்த நிரல், வித்தியாசம் மூன்றாவது நிரல். அதையே எழுதி எழுதி அவருக்கு வேறு விதமாக எழுத வராது. நடைத் தாளிலும் அதே மூன்று நிரல்கள்தான்: திட்டம், நடந்தது, வித்தியாசம். ஐந்து மணிக்குத் தங்குமிடத்தில் இருந்து புறப்பாடு. ஆறு பத்துக்குத் தேத்தண்ணி. ஆறரைக்கு அங்கிருந்து வெளிக்கிடல். ஏழு பத்துக்கு நடை தொடக்கம். எட்டே முக்காலுக்கு உலகமுடிவு.

"ஏனப்பா இவ்வளவு வெள்ளென?" என்று கேட்டேன்.

"பத்து மணிக்குப் பிறகு கீழ இருந்து முகில் ஏறி வரும், பிள்ளை. வந்திட்டுதெண்டா விளிம்பில நிண்டாலும் ஒண்டும் தெரியாது. வெறும் வெள்ளை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாசிச்சனான்" என்றார்.

அப்பா வாசித்த விஷயங்கள் அந்த மூன்று மாதத்தில் பெருகிக்கொண்டே போயின. வெயிலைக் கண்டு ஏமாறக் கூடாது, புல்வெளிக் காற்று காதுக்குள் போய்க் குத்தும், ஆளுக்கொரு கம்பளித் தொப்பி வேண்டும் என்று வாசித்திருந்தார். பொலித்தீன் எதையும் சமவெளி வாசலில் எடுத்துவிடுவார்கள் என்றும் வாசித்திருந்தார். சோற்றை லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளில் கட்டுவோம் என்று நின்ற அம்மாவிடம் வாழையிலை என்று மூன்று நாள் மல்லுக்கட்டினார். நாலாம் மாடிக்கு லிஃப்ட் இருந்தும் எங்கள் இருவருக்கும் படிதான். பின்னேரங்களில் கடற்கரை ரயில் பாதையோரமாகத் தெஹிவளை வரை என்னை நடத்திக் கொண்டுபோவார். அலையில் நனைந்த கருங்கல்லில் ரப்பர் செருப்போடு தாவித் தாவி முன்னே போவார். பின்னால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவேன். அந்த மூன்று மாதமும் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். என்னோடு நடப்பதில் சந்தோஷம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டின் ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தனியாக ஒரு கோப்பை இருந்தது, கைபிடி உடைந்தது. அவர் மலைநாட்டுத் தோட்டத்து ஆள். ஒரு காலை அப்பா அவசரத்தில் அந்தக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டு நின்றார். அம்மா வந்து கண்டுவிட்டு அதைப் பறித்தார். "உங்களுக்கு என்ன விசரே? பிள்ளை பாக்குது" என்றார். எனக்குப் பகிடியாக இருந்தது. அப்பா கோப்பை மாறி எடுத்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

ஜூலைக் கடைசியில் மாமா வந்து இறங்கினார். மாமியும் இரண்டு பொடியன்களும் பெட்டி பெட்டியாகச் சப்பாத்தும் மழைச்சட்டையும் கொண்டு வந்தார்கள். மாமா சோபாவில் சாய்ந்துகொண்டு அப்பாவின் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான், எல்லாரும் நுவரெலியாப் பக்கத்தாலதானே போகினம்? நீர் ஏன் பண்டாரவளைக்குப் போய்ச் சுத்திக்கொண்டு ஏறுறீர்?"

"அந்தப் பக்க வாசலில சனம் கூட, அண்ணை. இந்தப் பக்கத்தால போனா லைனில நிக்கத் தேவையில்லை."

"பெடியளுக்கு நுவரெலியா லேக் காட்டோணும்."

"திரும்பேக்க அந்தப் பக்கத்தால இறங்குவம்" என்று அப்பா உடனே விட்டுக்கொடுத்தார். ஆகவே அத்தையின் கடையைத் தாண்டுவது ஒரே தடவைதான், போகும்போது மட்டும். மாமா அடுத்த நாளே எல்லாருக்கும் போன் போட்டு, ஹைக்கிங் ஒன்றுக்குத் தான் பிளான் போட்டிருப்பதாகச் சொன்னார். அப்பா பக்கத்தில் இருந்து தலையாட்டினார்.

அந்தக் கிழமைதான் அப்பா எனக்குப் பதவி தந்தார். தன்னுடைய கைக்கடிகாரத்தின் வாரில் ஆணியைச் சுட்டுப் புது ஓட்டை போட்டு என் கையில் கட்டினார். புறக்கோட்டையில் வாங்கிய விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டார். தாளை ஒரு அட்டையில் கிளிப் அடித்துத் தந்தார். "நேரத்துக்கு நீதான் பொறுப்பு. திட்டம் நான் போட்டாச்சு, நடந்ததை நீ எழுது. லேட் ஆனா விசில் அடி. மாமா எண்டும் பாக்காதை." மாமாவின் குடும்பத்தை நேரத்துக்கு எழுப்பி ஏற்ற அவரால் முடியாது, ஒரு சின்னப் பிள்ளையின் விசிலுக்குச் சிரித்துக்கொண்டாவது எழும்புவார்கள் என்று நினைத்திருக்கிறார் பாவம். பத்து வயதில் ஒருத்திக்கு அதிகாரத்தைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள் என்று வார்ஃப் கிளார்க்குக்குத் தெரியவில்லை.

அவர் பால்கனியில் நின்று தேத்தண்ணிக்குச் சொல்லி வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. "ஆறு பத்துக்கு. டிரைவரோட எட்டுப் பேர். ஓம், பிள்ளையும் வரும்." தேத்தண்ணிக் கடைக்கே போன் போட்டு நேரம் சொல்கிற மனிதர் வேறு யார் இருக்கிறார்கள்? என் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலையே பண்டாரவளைக்குப் போய்த் தங்கினோம். கடைத்தெருவில் நடந்தபோது மாமா, "உங்கட அப்பாவின்ர கடை எதில மச்சான் இருந்தது?" என்று கேட்டார். அம்மா எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அப்பா ஒரு கணம் தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த ஒரு சப்பாத்துக் கடையைக் காட்டினார். "அதுதான். கைமாறிப் பல வருஷம்." மாமா விடவில்லை. அப்பாவை அந்தக் கடைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். என்னையும் பக்கத்தில் விட்டார். யாரோ ஒருவருடைய கடைக்கு முன்னால் நானும் அப்பாவும் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் அது. மாமா அதைப் பெரிதாக்கி அனுப்ப, அது எங்கள் வீட்டுச் சுவரில் கொஞ்சக் காலம் தொங்கியது.

விடியற்காலை ஐந்துக்கு நானும் அப்பாவும் வானடியில் நின்றோம். டிரைவர் என்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். வேறு ஒருவரையும் காணோம். நான் கதவுக் கதவாகப் போய் விசில் அடித்தேன். மாமிக்குச் சுடுதண்ணீர் வரவில்லை. ஒரு பொடியனின் கமரா சார்ஜரைக் காணவில்லை. மாமா கழிவறையில் இருந்து "வாறம், வாறம்" என்றார். அப்பா வான் கதவில் கை வைத்தபடி நின்றார். குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. கடைசியில் நாங்கள் புறப்பட்டபோது ஆறேகால். ‘வித்தியாசம்: 75 நிமிடம்’ என்று நான் அழுத்தி எழுதினேன். பொறுப்பற்ற ஆட்கள் என்று எனக்குச் சரியான கோபம்.

வான் ஏறிக்கொண்டிருந்தபோது மடியில் அட்டையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். எட்டே முக்காலோடு எழுபத்தைந்து நிமிடம் கூட்டினால் சரியாகப் பத்து மணி. பத்து மணிக்கு முகில். மூன்று மாதம் படியேறிப் பழகியது வெறும் வெள்ளையைப் பார்க்கவா? எங்கேயாவது நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். தாளை மேலிருந்து கீழே பார்த்தேன். வான் ஓட்டத்தைக் குறைக்க முடியாது, நடையைக் குறைக்க முடியாது, வாசலில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். தேவையில்லாததாக அந்தத் தாளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஏழு இருபத்தைந்துக்குக் கடை வந்தது. தகரக் கூரை, புதிதாக நீலச் சாயம் அடித்த பலகைகள். வாசலில் ஒரு பெண் நின்றார். பழைய சுவெட்டருக்குக் கீழே நல்ல சேலை ஒன்று உடுத்தியிருந்தார். ஆறு மணியில் இருந்து அந்தக் குளிரில் அப்படியே நின்றிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரியும். மேசையில் ஒரு தட்டத்தில் எட்டுக் கண்ணாடிக் கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எட்டும் புதிது. அடியில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட அவர் உரிக்கவில்லை.

அப்பா முதலில் இறங்கி, "அக்கா, எட்டுத் தேத்தண்ணி" என்றார். கடையில் நிற்கிற பெண்ணை யாரும் அக்கா என்றுதானே கூப்பிடுவார்கள். மாமாவும் இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டு, "அக்கா, எனக்குச் சீனி குறைவா" என்றார். அந்தப் பெண் "சரிங்க சார்" என்றார். அப்பாவிடம் கிளாஸை நீட்டும்போதும் "இந்தாங்க சார்" என்றார். மற்றவர்களிடம் சீனி எவ்வளவு என்று கேட்டவர், அப்பாவிடம் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்து, இந்த அம்மாவுக்கு மறதி என்று முடிவு கட்டினேன்.

மாமி வானுக்குள் இருந்து கனடாவில் இருந்து கொண்டு வந்த காகிதக் கப்புகளை எடுத்து நீட்டினார். "இதில ஊத்தச் சொல்லுங்கோ. தோட்டக்காட்டுச் சனத்தின்ர கடை, கிளாஸ் என்ன தண்ணியில கழுவினதோ." மெல்லமாகச் சொன்னதாக நினைப்பு. எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெண் காகிதக் கப்புகளில் ஊற்றினார். புதுக் கிளாஸில் குடித்தது அப்பாவும் டிரைவரும் மட்டும்தான். அம்மா வானை விட்டு இறங்கவே இல்லை. கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டு இருந்தார், நெடுநேரமாக.

நான் வான் படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் பக்கம் வந்தார். அப்பா கிளாஸோடு அசையாமல் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பாப்பாவுக்குப் பால் போட்டுத் தரவா?"

"வேண்டாம்."

"பேரு என்னா கண்ணு?"

சொன்னேன்.

"என்னா வகுப்பு படிக்கிறீங்க?"

"அஞ்சு" என்றேன், முள் நகர்வதைப் பார்த்தபடி. ஒரு கை வந்து என் கன்னத்தில் பட்டது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நான் முகத்தை இழுத்துக்கொண்டேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது. விசிலை எடுத்து ஊதினேன்.

"இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குது, பிள்ளை" என்றார் அப்பா.

"இல்லையப்பா! இப்பவே போனாத்தான் சரி. பத்து மணிக்கு முகில் வந்திரும். நீங்கள்தானே சொன்னீங்கள்?"

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்ல முடியும் அவரால்? தேத்தண்ணி சூடு என்று சொல்லலாம், டிரைவர் இளைப்பாற வேண்டும் என்று சொல்லலாம். மூன்று மாதம் எல்லாவற்றுக்கும் காரணம் தயாரித்து வைத்த மனிதரிடம் அந்த நேரத்தில் ஒன்றும் இருக்கவில்லை. மாமா கப்பைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரித்தார். "டைம்கீப்பர் சொன்னாச் சொன்னதுதான். ஏறுங்கோ, ஏறுங்கோ." வானுக்குள் இருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஓம், பிள்ளை சொல்லுறது சரி. வெளிக்கிடுவம்."

அம்மாவை நான் பல விஷயங்களில் மன்னித்திருக்கிறேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் இன்னும் முடியவில்லை.

அப்பா பாதி குடித்த கிளாஸை மேசையில் வைத்தார். வான் அசையும்போது அந்தப் பெண் ஓடி வந்து சிலிசிலி என்கிற மெல்லிய பொலித்தீன் பை ஒன்றை யன்னல் வழியாக என் மடியில் போட்டார். உள்ளே பேரிக்காய்கள், ஆறு. "பாப்பா திங்கட்டும் சார்" என்றார் அப்பாவிடம். மாமி, "மருந்தடிச்சதோ தெரியாது, இப்ப குடுக்காதேங்கோ" என்றார். வளைவு வரைக்கும் அவர் வான் பக்கத்திலேயே வந்ததாக டிரைவர் பிறகு சிங்களத்தில் சொன்னார். நான் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்.

வாசலில் அப்பா வாசித்திருந்தபடியே பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எல்லாம் எடுத்தார்கள். எங்கள் வாழையிலைப் பொதிகளைப் பார்த்துச் சிரித்துப் பாராட்டினார்கள். பேரிக்காய்ப் பை போய்விட்டது. அப்பா காய்களைத் தன் ஜாக்கெட்டின் இரண்டு பைகளிலும் மூன்று மூன்றாகத் திணித்துக்கொண்டார். இடுப்பு புடைத்துக்கொண்டு அவர் நடந்தது பார்க்கவே பகிடியாக இருந்தது. "என்ன மச்சான், மார்க்கெட்டுக்கோ போறீர்?" என்று மாமா வழியெல்லாம் கேலி செய்தார்.

அந்தப் புல்வெளியை நான் மறக்க மாட்டேன், அது என் தப்பில்லை. பொன்னிறமாகக் காய்ந்த புல், ஒவ்வொரு நுனியிலும் பனி. தூரத்தில் மரை மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தன. சின்ன ஓடைகளின் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கனடாச் சப்பாத்துக்காரர்கள் சேற்றில் வழுக்கி விழ, அப்பா ரப்பர் செருப்போடு எல்லாருக்கும் முன்னால் போனார். "நீர் ஆடு மாதிரி ஏறுறீர். எங்க பழகினீர்?" என்று மாமா இரைந்தார். "கப்பல் ஏணி ஏறிப் பழக்கம், அண்ணை" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

ஒன்பது நாற்பத்து நாலுக்கு உலகமுடிவு. முகில் இல்லை. நிலம் அப்படியே அறுந்து விழுந்து, எவ்வளவோ ஆழத்தில் மறுபடியும் தொடங்கியது. கீழே தேயிலைச் சரிவுகள், நடுவில் வெள்ளிக் கோடுகளாகத் தகரக் கூரைகள். "அது என்ன மாமா?" என்று பொடியன் ஒருவன் அப்பாவிடம் கேட்டான். "லயங்கள்" என்றார் அப்பா. "மேல இருந்து பாக்க வடிவாத்தான் இருக்குது" என்றார் மாமா. பத்து நிமிடம் எல்லாரும் படம் எடுத்துத் தள்ளினார்கள். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு முகில் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. நேரம் தப்பி வந்த ஒரு கூட்டம் விளிம்பில் நின்று வெள்ளையைப் பார்த்து உச்சுக்கொட்டியது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். "இவள் மட்டும் தேத்தண்ணிக் கடையில விசில் அடிக்காட்டி நாங்களும் அவ்வளவுதான்! கெட்டிக்காரி!" எல்லாரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினார். அப்பாவும் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வெற்றி அதுவரை வந்ததில்லை.

அத்தை அடுத்த தை மாதத்துக்குள் போய்விட்டார். நெஞ்சில் சளி, குளிர் என்று ஏதோ. அந்த வருடம் அப்பாவுக்கு "ஒபிஸ் அலுவல்" இரண்டு தடவை வந்தது. நாலு வருடம் கழித்து மாமா வெள்ளவத்தை வீட்டை விற்றார், சொல்லாமல் கொள்ளாமல். எந்த வீட்டுக்காக அந்தப் பொய்யைக் காப்பாற்றினோமோ அந்த வீடு போன பிறகு கொட்டாஞ்சேனையில் வாடகைக்குப் போனோம். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு இருபது வயதானபோது, அப்பா தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை.

நான் கேட்ட முதல் கேள்வியே வெட்கக்கேடானது. "அவ என்னைப் பற்றி என்ன சொன்னவ?"

அப்பா சிரித்தார். முதல் தடவையாக அவருடைய சொந்தப் பேச்சில் பேசினார். "‘புள்ள வேலையில கண்ணா இருக்குது, ஒன்னய மாதிரியே’ன்னு சொல்லிச்சு. அப்புறம் போனப்பவும் அதையேதான் சொல்லிச் சிரிச்சிச்சு." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தார். எனக்கு அத்தையின் முகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால்தானே நினைவில் வரும்? எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு கடிகார முள்ளும் ஒரு குளிர்ந்த கையும்தான்.

அப்பா உள்ளே போய்த் தன் பழைய ஃபைல் ஒன்றைக் கொண்டு வந்தார். அந்த ஃபுல்ஸ்காப் தாள் அதில் இருந்தது. அவருடைய மணியான கையெழுத்தில்: ‘6.10 தேத்தண்ணி, 20 நிமிடம்.’ அடுத்த நிரலில் என் கோணல் எழுத்து: ‘4 நிமிடம்.’ மூன்றாவது நிரலில், இரண்டு தரம் அடிக்கோடிட்டு: ‘16 நிமிடம் மிச்சம்!’

அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சரி அடையாளம். நுவரெலியாவில் இருந்து இறங்கும்போது நான்தான் தாளை நீட்டி, கணக்கு சரியா என்று பார்க்கச் சொன்னேன். என் வீட்டுப்பாடங்களைத் திருத்துவது போல அப்பா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்து, "எல்லாம் சரி" என்று சொல்லிக் கோடு போட்டார். அவருடைய கோடுகள் எப்போதும் நேராக இருக்கும். அது மட்டும் நடுங்கி, தாளின் ஓரம் வரை இழுபட்டிருக்கிறது. மலைப்பாதை, வான் ஆடுகிறது என்று நான் நினைத்தேன்.